ரைனா, மோசெலா? மூன்று நாளில் கோட்டை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்தில் இரண்டு ஆறுகள் சேரும் முனைக்கு 'ஜெர்மன் முக்கு' என்றே பெயர்: டாய்ச்சஸ் எக். முனையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் மோசெல், வலக்கைப் பக்கம் ரைன். முதுகுக்குப் பின்னால் முதலாம் வில்ஹெல்ம் பேரரசர் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். 1897இல் வைத்த சிலை 1945இல் குண்டடிபட்டு விழ, 1993இல் மறுபடி வைத்தார்கள். அந்தச் சிலைக்கடியில் படிக்கட்டில் உட்கார்ந்துதான் அலுவலகத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, நாளைக்கு எந்தப் பக்கம் போகட்டும்?" கூட அவர் மனைவி, ஏழு வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார். கையில் மூன்று நாள் விடுமுறை.

"இரண்டையும் பார்த்துவிடுங்களேன், எல்லாம் பக்கம்தானே" என்றேன். மூன்று நாளும் ஓடினார்கள். ஐந்து கோட்டை, ஆறு ஊர், எண்ணிக்கையில்லாத ரயில்கள். திரும்பி வந்ததும் மாமியார் என்னிடம் சொன்னார்: "எல்லா ஊரும் ஒரே ஊர் மாதிரித்தான் இருந்தது தம்பி."

தப்பு என்னுடையது. வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த இரண்டு பள்ளத்தாக்குகளும் பார்வைக்கு அக்கா தங்கை போல இருந்தாலும் குணத்தில் வேறு. ரைன் கடந்து போகிறவர்களுக்கான ஆறு. கப்பலில் உட்கார்ந்தால் கோட்டைகள் தாமாக வரிசையில் வந்து காட்சி கொடுத்துவிட்டுப் போகும். மோசெல் தங்குகிறவர்களுக்கான ஆறு. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரைனுக்குப் போங்கள். இரண்டு இரவாவது தங்க முடியும் என்றால் மோசெல். இரண்டையும் பார்ப்பதென்றால் நான்கு நாளுக்குக் குறைந்து முயல வேண்டாம். இதுதான் என் தீர்ப்பு. ஏன் என்று கீழே சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

ரைன்: உட்கார்ந்த இடத்தில் கோட்டை

பிங்கென், ரூடெஸ்ஹைம் தொடங்கி கோப்லென்ஸ் வரையுள்ள 65 கிலோமீட்டரை 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இந்தச் சின்ன நீளத்துக்குள் நாற்பது கோட்டைகள் வரை இருக்கின்றன. இத்தனை எதற்கு என்று முதல் தடவை பார்க்கிற யாரும் கேட்பார்கள். பெரும்பாலும் சுங்கம் வசூலிக்கத்தான். நடுக்காலத்தில் மைன்ஸுக்கும் கொலோனுக்கும் இடையில் சரக்குப் படகுகள் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நின்று பணம் கட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது. கௌப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுத்திட்டில் கல்லால் செய்த கப்பல் போல நிற்கும் பால்ஸ்கிராஃபென்ஷ்டைன், பவேரியனான லுட்விக் மன்னன் 1320களில் கட்டத் தொடங்கிய சுத்தமான சுங்கச்சாவடி. நெடுஞ்சாலைச் சாவடிகளில் வரிசையில் நின்று பழகிய நமக்கு இந்த வரலாற்றை விளக்க வழிகாட்டி தேவையில்லை.

இதனாலேயே ரைன் கோட்டைகளைப் பார்க்கச் சரியான இடம் கோட்டையின் உள்ளே இல்லை, ஆற்றின் மேல்தான். படகுக்காரனின் கண்ணில் பட வேண்டும், அவன் பயப்பட வேண்டும் என்றே கட்டியவை அவை. ஆகவே என் யோசனை: பிங்கெனிலோ ரூடெஸ்ஹைமிலோ கப்பலேறி ஆற்றோட்டத்தின் திசையிலேயே சங்க்ட் கோவார் வரை போங்கள். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். கோட்டைகள் மிக நெருக்கமாக இருப்பது இந்தத் துண்டில்தான். எதிர்த்திசையில் ஏறினால் ஆறு கப்பலைப் பின்னுக்கு இழுக்கும், நேரம் கூடும், குழந்தைகள் சிணுங்கும். திரும்பி வர ரயில் இருக்கிறது.

கப்பல் லோரலை பாறையை நெருங்கும்போது ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள். பாறைமேல் உட்கார்ந்து கூந்தல் வாரும் பெண் படகோட்டிகளை மயக்கி மூழ்கடித்தாள் என்ற கதையை ஹைன்ரிஷ் ஹைனே 1824இல் கவிதையாக எழுதினார். அதற்கு ஃபிரீட்ரிஷ் சில்ஷர் மெட்டமைத்தார். பாறை 132 மீட்டர் உயரம். உண்மையைச் சொன்னால், அது ஒரு பாறை. மேலே ஏறிப் பார்க்கவா என்று கேட்பவர்களிடம், வேண்டாம், அந்த நேரத்தில் ஓபர்வேசல் போங்கள் என்கிறேன். பதினாறு காவல்கோபுரங்களோடு ஊர் மதில் இன்னும் நிற்கிறது. நடக்கக் கூட்டம் இல்லை.

அதற்கு அடுத்த ஊர் பாகராக். ரைன் கரையில் ஒரே ஊர் என்றால் நான் காட்டுவது இதைத்தான். 1368ஆம் ஆண்டு வீடு ஒன்று, மரச்சட்டங்கள் கோணிக்கொண்டு, கீழ்த்தளத்தில் உணவகமாக இயங்கிக்கொண்டிருக்கிறது. திராட்சைத் தோட்டத்துக்குள் நிற்கும் காவல்கோபுரத்தில் ஏறினால் ஊரின் ஓட்டுக்கூரைகள், ஆறு, மேலே ஷ்டாலெக் கோட்டை எல்லாம் ஒரே பார்வையில் விழும். அந்தக் கோட்டை இப்போது இளைஞர் விடுதி. கோட்டையில் தூங்கினேன் என்று குறைந்த செலவில் சொல்லிக்கொள்ள வழி. பாதி வழியில் கூரையில்லாத சிவப்புக் கல் தேவாலயம் ஒன்று வரும், வெர்னர் சிற்றாலயம். எல்லோரும் படமெடுக்கிறார்கள். 1287இல் வெர்னர் என்ற சிறுவன் இறந்தபோது யூதர்கள்தான் கொன்றார்கள் என்று வதந்தி கிளப்பி ரைன் கரையெங்கும் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். அந்தச் சிறுவனைப் புனிதனாக்கிக் கட்டிய கோயில் இது. சுவரில் வைத்திருக்கும் பலகையைப் படித்துவிட்டுப் படமெடுங்கள்.

ரூடெஸ்ஹைமைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ட்ராஸல்காஸே என்ற 144 மீட்டர் சந்து, இரண்டு பக்கமும் மதுக்கடை, பாட்டு, பஸ் பஸ்ஸாகக் கூட்டம். ஊருக்கு மேலே தோட்டங்களின் தலைக்கு மேல் போகும் கம்பிவண்டி மட்டும் நன்றாக இருக்கிறது. ஏறி இறங்கிவிட்டுக் கப்பலைப் பிடித்துவிடலாம்.

இனி ரைனின் குறை. இரண்டு கரையிலும் ரயில் பாதை. பயணத்துக்கு இது வரம்: எந்த ஊரில் இறங்கினாலும் நிலையம் ஐந்து நிமிட நடை. ஆனால் இரவு முழுக்கச் சரக்கு ரயில் போகும், குறிப்பாக வலக்கரையில். நாங்கள் ஒருமுறை ஆற்றைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினோம். விடுதிக்காரர் சாவியோடு காதடைப்பான் இரண்டு ஜோடி கொடுத்தபோதே புரிந்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கட்டிலருகில் இருந்த தண்ணீர்க் குவளையில் வட்ட வட்டமாக அலை எழுந்தது. பள்ளத்தாக்கு குறுகலாக இருப்பதால் எதிர்க்கரை ரயிலின் சத்தமும் தண்ணீரைத் தாண்டி வந்து மலையில் மோதித் திரும்புகிறது. ரைனில் இரவு தங்கத்தான் வேண்டும் என்றால் ஆற்றுப் பார்வையைத் தியாகம் செய்து ஊருக்குப் பின்னால், மலைப்பக்கச் சந்துக்குள் அறை கேளுங்கள்.

இன்னொன்று, மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையில் ரைன்மேல் ஒரு பாலம்கூடக் கிடையாது. அக்கரை போக வேண்டுமென்றால் காரோடு ஏற்றிக்கொள்ளும் படகுத்துறைகள்தான். எனக்கு இது பிடித்த அம்சம். அவசரக்காரர்களுக்குப் பிடிக்காது.

மோசெல்: வளைந்து வளைந்து

கோப்லென்ஸிலிருந்து டிரியருக்கு ரயிலில் 110 கிலோமீட்டர் சுமார். ஆற்று வழியே போனால் 190 கிலோமீட்டருக்குக் குறையாது. மோசெலின் குணம் இந்த ஒரு கணக்கிலேயே வந்துவிடுகிறது. ஒரு ஊரிலிருந்து புறப்பட்டு ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்த பிறகு பார்த்தால், மலைக்கு அந்தப் பக்கம் புறப்பட்ட ஊரின் முதுகு தெரியும்.

ரயில் இந்த வளைவுகளுக்கெல்லாம் பொறுமையாக இல்லை. கோக்கெம் தாண்டியதும் 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்துக்குள் புகுந்து, ஆறு 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வருவதைக் குறுக்கே வெட்டிவிடுகிறது. 1870களில் தோண்டிய சுரங்கம் அது. புலாய் தாண்டினால் முக்கியப் பாதை ஆற்றையே விட்டுவிட்டு டிரியருக்குப் போய்விடும். ஆகவே மோசெலின் அழகான ஊர்கள் பலவற்றில் ரயில் இல்லை. பைல்ஷ்டைனுக்கு இல்லை. பெர்ன்காஸ்டெலுக்கு ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை; விட்லிக் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். இரவில் நிம்மதியாகத் தூங்க முடிவதும் பகலில் பஸ் நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

பைல்ஷ்டைன் என்றால் ஏறக்குறைய 150 பேர் வாழும் ஊர். ஒரு சதுக்கம், மலையில் ஏறும் ஒரு நீளப் படிக்கட்டு, அதன் தலையில் கார்மெல் துறவிகளின் தேவாலயம், அதற்கு மேலே மெட்டர்னிஷ் கோட்டையின் சிதைவு. பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை இடிபடும் கூட்டம். கடைசிக் கப்பல் போன பிறகு வாசல் திண்ணையில் பூனையும் பூந்தொட்டியும்தான். நான் சொல்வது அந்த நேரத்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தின் அழகில் மயங்கி நின்று கடைசி பஸ்ஸைத் தவறவிட்டோம். கைபேசியில் பார்த்த நேரம் வாரநாள் அட்டவணை என்பது அப்புறம்தான் உறைத்தது. டாக்ஸி வர முக்கால் மணி நேரம். கோக்கெமிலிருந்து கப்பலில் வந்து கப்பலிலேயே திரும்புவதுதான் பத்திரம். ஒரு மணி நேரப் பயணம், நடுவில் ஒரு மதகுப் பூட்டுக்குள் (தண்ணீரைக் கூட்டிக் குறைத்துக் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டி) கப்பல் ஏறி இறங்குவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள்.

கோக்கெம்தான் வழக்கமாக எல்லோரும் தங்கும் இடம். ரயில் இருக்கிறது, தலைக்கு மேல் கோபுரங்களோடு கோட்டை இருக்கிறது, விடுதிகள் நிறைய. அதனாலேயே கூட்டமும் நிறைய. நான் என் செலவில் தங்குவதானால் பெர்ன்காஸ்டெல்-கூஸ். ஆற்றின் இரு கரையிலும் ஒட்டிய இரட்டை ஊர். பெர்ன்காஸ்டெல் பக்கம் 1416ஆம் ஆண்டு வீடு ஒன்று இருக்கிறது: கீழே ஒல்லி, மேலே பருமன், தலையில் கூர்மையான தொப்பி. தரைக்கு இடமில்லாததால் மேலே அகலப்படுத்திக்கொண்டார்கள். மொட்டைமாடியில் அறை எழுப்பி முன்பக்கம் இரண்டடி நீட்டிக்கொள்ளும் நம் ஊர்க் கைவேலைதான்.

கூட்டம் முழுக்க இந்த வீட்டு முன்னால் நிற்கும்போது நீங்கள் பாலத்தைத் தாண்டிக் கூஸ் பக்கம் போய்விடுங்கள். மெய்யியலாளரும் கர்தினாலுமான குசாவின் நிக்கோலஸ் (1401–1464) பிறந்த ஊர் அது. அவர் 1458இல் ஏற்படுத்திய முதியோர் இல்லம் இன்றைக்கும் முதியோர் இல்லமாகவே நடக்கிறது. கிறிஸ்து வாழ்ந்த ஆண்டுகளின் கணக்கில் 33 முதியவர்களுக்கு இடம் என்று வைத்தார். செலவுக்கு அன்றே திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார். அவர் சேர்த்த முந்நூறுக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் அங்கேயே நூலகத்தில் இருக்கின்றன; உடல் ரோமில், இதயம் மட்டும் இந்தச் சிற்றாலயத்தின் தரைக்கடியில். ரைன் கரையில் எத்தனையோ கோட்டைகள் இருந்தும், ஐந்தரை நூற்றாண்டாக ஒரே வேலையை விடாமல் செய்யும் கட்டடம் ஒன்றை நான் அங்கே பார்த்ததில்லை.

டிராபென்-டிரார்பாகில் ஒரு வியப்பு. 1900 வாக்கில் திராட்சை மது வியாபாரத்தில் பிரான்சின் போர்தோ நகரத்துக்கு அடுத்த இடத்தில் இருந்த ஊர் என்று பெருமை பேசுவார்கள். அந்தப் பணத்தில் புரூனோ மோரிங் என்ற பெர்லின் கட்டடக்கலைஞரை அழைத்துப் புதுப்பாணி மாளிகைகள் கட்டிக்கொண்டார்கள். அவர் கட்டிய பெரிய மதுக்கிடங்கு ஒன்றில் இப்போது புத்தர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆசியா முழுவதிலிருந்தும் வந்த புத்தர்கள் மோசெல் ஆற்றைப் பார்த்துத் தியானத்தில் இருக்கிறார்கள். மழை பெய்யும் நாளுக்கு இதை ஒதுக்கிவையுங்கள்.

எந்தக் கோட்டை?

'கோட்டை' என்ற ஒரே சொல்லில் இங்கே மூன்று வகைச் சரக்கு விற்கிறார்கள். தெரியாமல் போனால் ஏமாற்றம் நிச்சயம்.

முதல் வகை சிதைவு. பாகராகின் ஷ்டாலெக், ஓபர்வேசலின் ஷோன்புர்க், கோக்கெம், பைல்ஷ்டைன் என்று எந்தக் கோட்டையின் வரலாற்றைப் புரட்டினாலும் ஒரே ஆண்டு வரும்: 1689. பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படை இரண்டு பள்ளத்தாக்கையும் எரித்துக்கொண்டு போன ஆண்டு. அதற்குத் தப்பி, 1692இல் பெரும் முற்றுகையையும் தாங்கிய சங்க்ட் கோவாரின் ரைன்ஃபெல்ஸ் கோட்டையை நூறாண்டு கழித்து பிரெஞ்சுப் புரட்சிப் படை வெடிவைத்துத் தகர்த்தது. இந்தப் பகுதியின் பெரிய சிதைவு அதுதான். நிலவறை வழிகளில் குனிந்து புகுந்து வர ஆசை இருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தெந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகை, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பணக்காரர்கள் சிதைவின்மேல் கட்டிய கனவு. கோப்லென்ஸை ஒட்டிய ஷ்டோல்சென்ஃபெல்ஸை பிரஷ்ய இளவரசர் கட்டினார். கோக்கெம் கோட்டையை 1868இல் பெர்லின் வியாபாரி லூயி ரவெனே வாங்கிக் கோடைவாசத்துக்காக எழுப்பினார். படத்தில் இவைதான் நடுக்காலக் கோட்டை போலவே இருக்கும்! உள்ளே போனால் மரவேலைப்பாடு பளபளக்கும். போலி என்று தள்ள மாட்டேன், அந்தக் காலத்து ரசனைக்கு அதுவும் சாட்சி. ஆனால் எண்ணூறு வருடக் கோட்டைக்குள் நின்றேன் என்று எழுதிவிடாதீர்கள்.

மூன்றாம் வகை அடிபடாமல் தப்பியது. ரைனில் மலைக்கோட்டைகளில் ஒன்றே ஒன்று, பிரௌபாக் ஊருக்கு மேலேயுள்ள மார்க்ஸ்புர்க். மோசெலில் எல்ட்ஸ். இரண்டில் எது என்று கேட்டால் நானும் கொஞ்சம் திணறித்தான் போகிறேன்.

மார்க்ஸ்புர்க் முரட்டுக் கோட்டை. 1900ஆம் ஆண்டிலிருந்து ஜெர்மன் கோட்டைகள் சங்கத்தின் கையில் இருக்கிறது. வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே விடுவார்கள். நுழைந்ததும் குதிரைகள் ஏறுவதற்காகப் பாறையிலேயே வெட்டிய சாய்படிகள். தேய்ந்து வழுக்கும், நல்ல செருப்பு முக்கியம். அப்புறம் பீரங்கி, சமையலறை, மதிலுக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும் கழிப்பறை, நடுக்கால மூலிகைத் தோட்டம், கவச உடைகளின் வரிசை, சித்திரவதைக் கருவிகள். கோட்டை என்பது குளிரும் இருட்டும் நாற்றமும் கலந்த வேலையிடம் என்பதை இந்த ஒரு மணி நேரம் உடம்புக்கு உணர்த்திவிடும்.

எல்ட்ஸ் அப்படி இல்லை. அது வீடு. எல்லாக் கோட்டையும் மலையுச்சியில் இருக்க, இது காட்டுப் பள்ளத்துக்குள், எல்ட்ஸ் ஓடை மூன்று பக்கமும் சுற்றிவரும் பாறைமேல் ஒளிந்திருக்கிறது. மேலேயிருந்து இறங்கி வரும் பாதையில் கடைசி வளைவு திரும்பும்வரை ஒன்றும் தெரியாது. திரும்பியதும் மொத்தமும் கண்ணுக்குக் கீழே நிற்கும். பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்த காட்சி. முப்பதுக்கு மேற்பட்ட தலைமுறையாக ஒரே குடும்பத்தின் சொத்து. குடும்பம் மூன்று கிளையாகப் பிரிந்தபோது கோட்டையை இடிக்காமல் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு வீடாகக் கட்டிக்கொண்டார்கள். கூட்டுக்குடும்பத்தில் தனிச்சமையல் என்றால் நமக்குப் புரியும். 1689இல் எல்லாம் எரிந்தபோது இது எப்படித் தப்பியது? குடும்பத்தின் பிள்ளை ஒருவர் அந்தப் பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரியாக இருந்தார். இடிக்க வேண்டிய கோட்டைகளின் பட்டியலிலிருந்து வீட்டின் பெயரை எடுத்துவிட்டார்.

உள்ளே மூன்று குடும்பமும் கூடிப் பேசிய மண்டபத்தில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். சுவரில் கோமாளி முகங்கள் செதுக்கியிருக்கும்: இங்கே யாரும் எதையும் பயமில்லாமல் பேசலாம். கதவுக்கு மேலே ஒரு ரோஜா: பேசியது வெளியே போகக் கூடாது. பங்காளிகள் எண்ணூறு ஆண்டு ஒரே கூரைக்கடியில் எப்படிக் குடியிருந்தார்கள் என்பதற்கு எனக்கு அந்த இரண்டு செதுக்கலும் போதும். இன்னொரு அறையில் மூத்த லூக்காஸ் கிரானாக் வரைந்த மாதா ஓவியம். குழந்தையின் கையருகே திராட்சைக் குலை.

எட்டுவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். கார் நிறுத்துமிடத்திலிருந்து பதினைந்து நிமிட இறக்கம், அல்லது சின்ன வேன். ரயிலில் வந்தால் மோசெல்கெர்ன் நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை. பாதி தூரம் ஊர்ச்சாலை, மீதி ஓடைக்கரைக் காட்டு வழி. முழங்கால் ஒத்துழைக்கிற எல்லோருக்கும் நான் நடையைத்தான் சொல்வேன். மேற்சொன்ன மாமியார் முழங்கால் வலியோடு வேனில் போய் இறங்கினார். மூன்று நாளில் அவர் நினைவில் நின்றது இது ஒன்றுதான். உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

ஒன்றுதான் முடியும் என்றால் எல்ட்ஸ். பத்து வயதுப் பையன் கூட வந்தால் மார்க்ஸ்புர்க்.

குடிப்பவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும்

இரண்டு ஆற்றிலும் ரீஸ்லிங் திராட்சைதான் ராஜா. செங்குத்தான சரிவெல்லாம் சிலேட்டுக் கல். சின்ன வயதில் நாம் எழுதிப் பழகிய அதே கல்தான், இங்கே உடைந்து உடைந்து மண்ணாகக் கிடக்கிறது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். ப்ரெம் ஊரருகே கால்மோன்ட் சரிவு 65 பாகை வரை சாய்ந்தது. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான தோட்டம் என்கிறார்கள். டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டு ஏறும் குட்டி வண்டியில் ஆளும் கூடையும் போவதைச் செப்டம்பர், அக்டோபரில் பார்க்கலாம்.

மது ருசிக்க வருகிறவர்களுக்கு மோசெல்தான். ரைனின் இந்தத் துண்டில் தோட்டப் பரப்பு மிகச் சுருங்கிவிட்டது, கைவிட்ட சரிவுகளில் புதர் மண்டிக் கிடப்பதைக் கப்பலிலிருந்தே பார்ப்பீர்கள். மோசெலில் விவசாயி வீட்டு வாசலில் இலைக்கொத்து கட்டித் தொங்கினால் உள்ளே கடை நடக்கிறது என்று அர்த்தம். ஷ்ட்ரௌஸ்விர்ட்ஷாஃப்ட் என்று பெயர். சொந்த மதுவை மட்டும், வருடத்தில் நான்கு மாதத்துக்கு மிகாமல், நாற்பது இருக்கைக்கு மிகாமல் நடத்தலாம் என்பது விதி. அவர்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையிலோ முற்றத்திலோ உட்கார வைப்பார்கள்.

குடிக்காதவர்கள் சங்கடப்பட வேண்டாம். 'ட்ரௌபன்சாஃப்ட்' என்று கேளுங்கள், அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு. சைவக்காரர்கள் ஒரே சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'ஷ்பெக்'. பன்றிக் கொழுப்புத் துணுக்கு. பார்வைக்கு அப்பாவியாக இருக்கும் வெங்காயக் கேக்குக்குள்ளும் மெல்லிய ஃபிளாம்கூகன் ரொட்டியின் மேலும் அது ஒளிந்திருக்கும். 'ஓனெ ஷ்பெக்' என்றால் அது இல்லாமல். உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் மசியலும் எங்கேயும் கிடைக்கும். ஆப்பிள் மசியலை ஒதுக்கிவிட்டு நம் வீட்டு ஊறுகாய் பொட்டலத்தைப் பிரிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், நானும் ஒருவன்.

தண்ணீரும் காலமும்

பலர் யோசிக்காத ஒன்று நீர்மட்டம். ரைனின் இந்தப் பகுதியில் அணை கிடையாது. கோடை வறண்டால், 2018லும் 2022லும் நடந்தது போல, அடியிலுள்ள பாறை தெரியுமளவுக்கு ஆற்றுநீர் வற்றும். ஆகஸ்டிலிருந்து இலையுதிர்காலம் வரை சில துறைகளில் கப்பல் நிற்காமல் போகலாம். மோசெலை 1964இல் அணைகளும் மதகுப் பூட்டுகளும் கட்டிப் படிக்கட்டாக்கிவிட்டார்கள். அங்கே வறட்சியிலும் கப்பல் ஓடும், ஆனால் பூட்டுக்குப் பூட்டு நின்று நின்று. தூரப் பயணத்துக்கு அது லாயக்கில்லை. பழைய வீட்டுச் சுவர்களில் வெள்ளம் வந்த உயரத்தை ஆண்டோடு கோடு போட்டு வைத்திருப்பார்கள். கோக்கெமில் 1993 டிசம்பர் வெள்ளக் கோடு எங்கே என்று தேடிப் பாருங்கள், தலையை நிமிர்த்த வேண்டியிருக்கும்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு விவாதமே வேண்டாம், மோசெல்தான். சமதரை, ஆற்றையொட்டிய பாதை, வண்டி நெரிசல் குறைவு. ரைன் பாதையில் ஒரு தோளுக்கு நெடுஞ்சாலை, மறு தோளுக்கு ரயில்.

செலவுக் கணக்கில் ஒரு குறிப்பு. ஐந்து பேர் வரை ஒன்றாகப் போகும் குடும்பத்துக்கு ரைன்லாண்ட்-பால்ஸ் மாநில ஒருநாள் டிக்கெட் தனித்தனியே வாங்குவதைவிட மிச்சம். வாரநாளில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும். விரைவு ரயில்களுக்குச் செல்லாது, கப்பலுக்கும் செல்லாது.

வேறு பள்ளத்தாக்குகள் இல்லையா என்றால் இருக்கின்றன. நெக்கார் கரையில் ஹைடல்பெர்க் ஒரு நாளுக்கு நல்லது, ஆனால் அங்கே போகிறவர்கள் திராட்சைக்காகப் போவதில்லை. ஆர் பள்ளத்தாக்கு சிவப்பு மதுவுக்குப் பெயர் போனது. 2021 ஜூலை வெள்ளத்தில் அங்கே மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் பயணமாக இல்லாமல், இந்த ஊர்கள் பழகிய பிறகு போங்கள்.

மறுபடி என்னிடம் அந்தத் தம்பி கேட்டால் இப்படித்தான் சொல்வேன். கோக்கெமில் வேண்டாம், பெர்ன்காஸ்டெலிலோ டிராபெனிலோ மூன்று இரவுக்கு ஒரே அறை எடுங்கள். ஒரு நாள் எல்ட்ஸ், ஒரு நாள் கப்பலும் கூஸ் பக்க நூலகமும், ஒரு நாள் ஒன்றும் வேண்டாம். ரைனை ஊர் திரும்பும் வழியில் ரயில் ஜன்னலில் பாருங்கள். கோப்லென்ஸிலிருந்து இடக்கரை வழியாக மைன்ஸுக்குப் போகும் வண்டியில், போகும் திசைக்கு இடப்பக்க இருக்கை. பொப்பார்ட் தாண்டியதும் கைபேசியை வைத்துவிட வேண்டும்.

வருவது ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் இருக்கட்டும். நவம்பர் தொடக்கத்தில் எல்ட்ஸைப் பூட்டிவிடுவார்கள், கப்பல்களும் கரையேறும். குளிர்காலத்தில்தான் விடுமுறை என்றால் டிராபென்-டிரார்பாக் மட்டும் மிச்சம்: அங்கே கிறிஸ்துமஸ் சந்தையைத் தரைக்கடியில், அந்தப் பழைய மதுக்கிடங்குகளுக்குள் நடத்துகிறார்கள். வெளியே என்ன குளிரானாலும் உள்ளே கோட்டுப் பொத்தானைக் கழற்றலாம்.